ஹட்டனிலிருந்து விமானத் தரவு நேரடியாகக் கிளவுட்டுக்கு: படத்தில் விமானம் பின்னோக்கித் தாவுகிறது

ஹட்டன்_வானலை

வணக்கம். பாடசாலை விஞ்ஞான மன்றத்துக்கான ஏடிஎஸ்-பி நிலையம், அதாவது விமானங்கள் தாமாகவே ஒலிபரப்பும் நிலைத் தகவலைக் கேட்கும் ரிசீவர். ராஸ்பெரி பை 4 சிறு கணினி (சுருக்கமாகப் "பை"), ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிள் (யூஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவர்), அதோடு வந்த காந்த அடி அன்டெனா, 12 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள், சமிக்ஞையைப் படித்தெடுக்கும் ரீட்எஸ்பி மென்பொருள், 4ஜி ரவுட்டர். ஒவ்வொரு விமானத்தின் நிலையும் 5 வினாடிக்கு ஒருமுறை எம்கியூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாக, அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் ஐஓடி கோருக்குப் போகிறது. எழுதியது பைதனில், எம்கியூடிடிக்கான பாஹோ நிரல் நூலகத்தோடு.

மேற்குப் பக்கம் 65 கிலோமீட்டருக்கு அப்பால் ஒன்றும் விழுவதில்லை. இணைய இணைப்பு அறுந்து திரும்பினால் விமானங்கள் சில நிமிடம் பழைய இடத்துக்குத் தாவிப் பறக்கின்றன. கரண்ட் போய் வந்தால் கிளவுட்டில் சேர்வதே இல்லை, பையை மறுபடி ரீஸ்டார்ட் பண்ணினால்தான் சரி. எஞ்சின் வெப்பநிலை, எரிபொருள் அளவு எல்லாம் பிள்ளைகள் கேட்கிறார்கள். இதே வழியில் எடுக்கலாமா?

முகட்டுக்காரன்

மேற்கே மலை மறைக்கிறது, வேறொன்றுமில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 கிலோமீட்டர் தள்ளி உங்களை விட 300 மீட்டர் உயரமான முகடு இருக்கிறது என்று வையுங்கள். சரிவு 0.15. விமானம் 11,000 மீட்டரில், நீங்கள் ஏறக்குறைய 1,270இல். வித்தியாசம் 9,700 மீட்டர் சொச்சம். அதை 0.15ஆல் வகுத்தால் 65 கிலோமீட்டர். அதைத் தாண்டியதும் விமானம் முகட்டுக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது.

இதற்காகக் குழாய் நட்டு அன்டெனாவை 5 மீட்டர் உயர்த்திப் பயனில்லை. 300 மீட்டர் 295 ஆகும், கிடைப்பது இன்னுமொரு கிலோமீட்டர்தான். ஆனால் பத்து மீட்டர் தள்ளி நிற்கும் தகரக் கூரையோ தண்ணீர்த் தாங்கியோ மறைத்தால் அதே 5 மீட்டர் பெரிய விஷயம். எது மறைக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுக் காசைச் செலவழியுங்கள்.

கேபிளைக் கட்டாயம் மாற்றுங்கள். ஏடிஎஸ்-பி வரும் 1090 மெகாஹெர்ட்ஸில் 12 மீட்டர் ஆர்ஜி-58 ஏழு டெசிபெல்லுக்கு மேல் தின்னும், அதாவது அன்டெனா பிடித்ததில் ஐந்தில் நான்கு பங்கு வழியிலேயே போய்விடும். டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 அதே நீளத்தில் 3 டெசிபெல்லுக்குள் நிற்கும், விலையும் குறைவு. அது 75 ஓம் என்று பயப்பட வேண்டாம், பொருந்தாமையால் போவது 0.2 டெசிபெல்கூட இல்லை. வெளியில் உள்ள இணைப்பு ஒவ்வொன்றையும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். நம்ம பக்கத்து மூடுபனி மழையை விட மோசம், திரிபோல உள்ளே ஏறும்.

அன்டெனாவைக் கையாலேயே செய்யலாம். நடுக்கம்பி 69 மில்லிமீட்டர், கீழே 45 பாகை சரித்த நான்கு கம்பிகள், அதே நீளம் போதும். பக்கத்தில் போன் டவர் இருந்தால் 1090 வடிகட்டி ஒன்று தேவை. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை டொங்கிளைச் செவிடாக்கிவிடும்.

தூரம்தான் வேண்டுமென்றால் அப்புத்தளையில் தெற்கு நோக்கிய ஒரு வீட்டில் இரண்டாவது ரிசீவரை வையுங்கள். அங்கே நிலம் அப்படியே கீழே விழுகிறது. 1,430 மீட்டரிலிருந்து வானலை எல்லை கணக்குப்படி 580 கிலோமீட்டருக்கு மேல், அதற்கு முன்பே டொங்கிள்தான் கைவிடும்.

முகில்_பொறி

பின்னோக்கித் தாவுவது கிளவுட்டின் பிழை இல்லை. நீங்கள் கியூஓஎஸ் 1இல் (செய்தி போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் முறை) அனுப்புகிறீர்கள் போல. இணைப்பு இல்லாத நேரத்தில் பாஹோ செய்திகளை வரிசையில் சேர்த்து வைக்கும், இணைப்பு வந்ததும் முழுவதையும் கொட்டும். கிளவுட் பக்கம் வந்து சேர்ந்த நேரத்தையே விமானத்தின் நேரமாக எடுத்தால், மூன்று நிமிடத்துக்கு முந்திய நிலை "இப்போது" ஆகிவிடும்.

நேரத்தைப் பையிலேயே குத்துங்கள். ரீட்எஸ்பி எழுதும் ஜேசன் கோப்பில் "நவ்" என்ற நேரமும், விமானம் ஒவ்வொன்றுக்கும் "சீன்_பொஸ்" என்ற எண்ணும் இருக்கும். நவ் கழித்தல் சீன்_பொஸ், அதுதான் அந்த நிலை உண்மையில் கேட்ட நேரம். முகட்டுக்குப் பின்னால் போன விமானம் பட்டியலில் கொஞ்ச நேரம் தங்கும். சீன்_பொஸ் 40 என்றால் அது 40 வினாடிப் பழசு. 15ஐத் தாண்டியதை நேரடிப் படத்துக்கு அனுப்பாதீர்கள். கிளவுட்டிலும் விமானத்தின் 24 பிட் முகவரிக்குக் கடைசியாகச் சேமித்த நேரத்தை விடப் பழையது வந்தால் எழுதாமல் விடுங்கள். நேரடிப் படத்துக்குக் கியூஓஎஸ் 0 (உறுதி கேட்காமல் ஒருமுறை மட்டும் அனுப்புவது), இணைப்பு இல்லாவிட்டால் அனுப்பவே வேண்டாம். வரலாற்றுக்கு வேண்டியதைக் கோப்பில் எழுதிப் பிறகு தனியாக ஏற்றலாம்.

கரண்ட் பிரச்சினை: பை அரை நிமிடத்தில் எழும்பிவிடும், 4ஜி ரவுட்டருக்கு இன்னும் நேரம் எடுக்கும். பாஹோவின் முதல் இணைப்பு முயற்சி தோற்றால் நிரல் பிழையோடு செத்துவிடும், தானாக மறுபடி முயலாது. சிஸ்டம்டி (லினக்ஸில் நிரல்களை இயக்கிக் கவனிக்கும் பகுதி) சேவையாகப் போட்டு, செத்தால் 10 வினாடியில் எழுப்பு என்று அமையுங்கள். பை 4இல் மணிக்கூட்டுப் பேட்டரி கிடையாது. நிறுத்திய நேரத்திலிருந்தே தொடரும், இணையம் வந்தபின்தான் திருந்தும். அதனால் நேரம் ஒத்திசைந்த பிறகே சேவை தொடங்க வேண்டும். டிஎஸ்3231 சிப் உள்ள மணிக்கூட்டுப் பலகை ஒன்றைப் பூட்டினால் இன்னும் நிம்மதி, தவணை விடுமுறையில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று முறைக்காது.

இன்னொன்று, பணம். விமானத்துக்கு ஒரு செய்தி என்றால் 30 விமானத்துக்கு நாளுக்கு 5,18,400 செய்தி. ஒன்றுக்கு 150 பைட் வைத்தால் 30ம் ஒரே பொதியில் 5 கிலோபைட்டுக்குள் அடங்கும், அதுதான் அங்கே கட்டணம் எண்ணும் அளவு. நாளுக்கு 17,280 ஆகிவிடும். அப்புத்தளைப் பைக்கு வேறு கிளையன்ட் ஐடி (கிளவுட்டில் சேரும் கருவியின் பெயர்) கொடுங்கள். ஒரே ஐடி என்றால் இரண்டும் ஒன்றையொன்று மாறி மாறி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஏவியோனிக்ஸ்_பதுளை

எஞ்சின் வெப்பநிலையும் எரிபொருளும் ஏடிஎஸ்-பியில் வராது. அதில் வருவது அடையாளம், நிலை, உயரம், வேகம், திசை போன்றவைதான். அந்த உயரமும் கடல்மட்டத் தர அழுத்தமான 1013.25 ஹெக்டோபஸ்கலை வைத்துக் கணித்த அழுத்த உயரம். மலை உயரத்தோடு நேரே ஒப்பிடப் பிள்ளைகளை விடாதீர்கள்.

எஞ்சின் தரவு விமானத்துக்குள் ஏரின்க் 429 என்ற விமானத் தரவுத் தரத்தின்படி அமைந்த கம்பிகளில் ஓடுகிறது: 32 பிட் சொற்கள், 12.5 அல்லது 100 கிலோபிட் வேகம். கறுப்புப் பெட்டிக்குப் போகும் ஏரின்க் 717 ஓடையில் 12 பிட் சொற்கள், வினாடிக்கு 64 முதல் 1,024 வரை. கிளவுட்டுக்கு எடுக்கும் விமான நிறுவனங்கள் இடையில் ஒரு இடைமுகப் பெட்டி பூட்டும். அது கேட்க மட்டும் முடியும், எதிர்ப்பக்கம் பேச முடியாதபடிதான் இணைப்பே இருக்கும். எந்தச் சொல் எந்த அளவீடு என்ற அட்டவணை விமானத்துக்கு விமானம் மாறும். அது இல்லாமல் ஓடை வெறும் எண் குவியல்.

முழு ஓடையையும் பறக்கும்போதே செய்மதிக்கு அனுப்புவது செலவு. ஆகவே முக்கியமான சில அளவீடுகள் ஏகார்ஸ் (விமானத்துக்கும் தரைக்கும் இடையிலான குறுஞ்செய்தி முறை) வழியாக உடனே வரும், மீதி தரையிறங்கியதும் போன் வலையமைப்பில் ஏறும். 2014இல் எம்எச்370 காணாமல் போன பிறகுதான், 2018 நவம்பரிலிருந்து, பெருங்கடல் மேல் பறக்கும் பெரிய விமானங்களின் நிலையை 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது நிறுவனம் அறிய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

ஹட்டன்_வானலை

எல்லோருக்கும் மிக்க நன்றி. முதலில் கேபிளும் மணிக்கூடும். பையைக் கூரைக்குக் கீழேயே ஏற்றி லேன் கேபிளில் மின்சாரம் கொடுக்க யோசிக்கிறேன். ஏப்ரல் மின்னலுக்கு என்ன பாதுகாப்பு?

முகட்டுக்காரன்

அன்டெனாவுக்கும் டொங்கிளுக்கும் நடுவில் வாயுக்குழாய் மின்னல் தடுப்பான். அதிலிருந்து தடித்த செப்புக் கம்பி வளையாமல் நேரே நிலத்துக் கம்பிக்கு, அந்தக் கம்பி கட்டடத்தின் எர்த்தோடும் சேர்ந்திருக்க வேண்டும். நேரடி அடிக்கு இது தாங்காது, பக்கத்தில் விழுவதற்குத்தான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், முகில் கறுத்தவுடன் அன்டெனா கேபிளோடு லேன் கேபிளையும் கழற்றுங்கள். பலரும் அன்டெனாவை மட்டும் கழற்றுவார்கள், மின்னல் லேன் வழியாக ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு போகும்.