மாதவிடாய் நின்ற பிறகு ஹோர்மோன் எடுக்கலாமா?

கோண்டாவில்_ரீச்சர்:
வயது 51. மாதவிடாய் நின்று ஒரு வருசம் தாண்டிவிட்டது. கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கும்போதே நெஞ்சிலிருந்து முகம்வரை சூடு ஏறும், சட்டைக்கை நனைந்துவிடும். இரவில் நித்திரையும் இல்லை. விஓஜி (மகப்பேற்று, பெண்நோயியல்) டொக்டர் ஹோர்மோன் எடுக்கலாம் என்கிறார், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

வடலி:
வேண்டாம் ரீச்சர். எங்கள் அம்மாமார் மாத்திரையா போட்டவை? உளுத்தங்களியும் நல்லெண்ணெயும்தான். மார்புப் புற்றுநோய் கூடுது என்று 2002இல் அமெரிக்காவில் இந்த ஹோர்மோன் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருக்கால் போய்ப் பாருங்கோ.

பாமசிப்_பெடியன்:
வடலி அண்ணை, பாதியைத்தான் சொல்கிறீர்கள். அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்டோஜன் என்ற இரண்டு ஹோர்மோனும் எடுத்தவர்களில் கூடுதலாக வந்த மார்புப் புற்றுநோய், வருடத்துக்கு 10,000 பேருக்கு 8. கருப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் அது கூடவேயில்லை. 60 வயதுக்குள், அல்லது நின்று 10 வருடத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலானோருக்கு நன்மைதான் அதிகம் என்பதே இப்போது மருத்துவர்கள் சொல்வது.

ரீச்சர், கருப்பை இருந்தால் புரொஜெஸ்ட்டோஜனும் சேர்த்துத்தான் தருவார்கள். ஈஸ்ட்ரோஜனைத் தனியே எடுத்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய்வரை போகலாம். மாத்திரையால் இரத்தம் கட்டும் ஆபத்துக் கொஞ்சம் உண்டு. தோலில் ஒட்டுவது, பூசுவதில் அது குறைவு. களி எனக்கும் விருப்பம்தான், ஆனால் இந்த வேர்வை அதற்கு அடங்காது.

வடலி:
எட்டுப் பேர் உனக்குக் கணக்கு தம்பி. என் தமக்கைக்கு மார்பில் வந்தது. அவவுக்கும் இதைக் குடுப்பியோ?

பாமசிப்_பெடியன்:
இல்லை அண்ணை. மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. நான் கதைத்தது ரீச்சருக்கு.

இணுவில்_மாமி:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. பிள்ளை, கால் இரத்தக்குழாயில் இரத்தம் கட்டினதோ, ஈரல் வருத்தமோ, நின்ற பிறகு திரும்ப இரத்தம் பட்டதோ இருந்தால் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லு. கடைசியாகச் சொன்னது இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும். எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவுகளில் பெண்களுக்கான வெல் விமன் கிளினிக் நடக்கிறது. 35 வயதுக்கு மேல் யாரும் போகலாம், காசில்லை. பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். எங்கள் சனம் வெட்கத்தில் போவதில்லை.

கோண்டாவில்_ரீச்சர்:
நீங்கள் சொன்ன ஒன்றும் எனக்கு இல்லை மாமி. கருப்பையும் இருக்கிறது. ஒட்டுவது எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்கிறேன்.

வடலி:
சரி, உங்கள் விருப்பம். ஆனால் மமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) செய்யாமல் தொடங்காதையுங்கோ. அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.