செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு எந்த ஹார்ட்டெயில் வாங்கலாம்?

கானாடுகாத்தான்_மிதி:
எல்லாருக்கும் வணக்கம். பதினாறு வருஷமாக ஒரே 26 இஞ்சு சக்கர ஹார்ட்டெயில் சைக்கிள்தான் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக்) ஓட்டுகிறேன். போன மாதம் சீட் டியூபும் மேல் டியூபும் சேரும் இடத்தில் வெடிப்பு விட்டுவிட்டது. அலுமினியத்தில் அந்த இடத்தைப் பற்றவைத்தால் நிற்காது என்று வெல்டிங் பட்டறையில் கையை விரித்துவிட்டார்கள். புதுசு வாங்கித்தான் ஆக வேண்டும், கையில் ஒரு லட்சம் வரை இருக்கிறது.

நான் மலையில் குதிப்பவன் இல்லை. காலையில் ஐந்து மணிக்குக் கிளம்பி, கடியாபட்டிப் பக்கம் வண்டிப்பாதையில் விழுந்து, கண்மாய்க் கரை ஏறி இறங்கி, திருமயம் கோட்டை தெரிகிற வரை போய்த் திரும்புவேன், நாற்பது ஐம்பது கிலோமீட்டர். கொஞ்சம் சரளை, கொஞ்சம் மணல், மிச்சம் கப்பி ரோடு. உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருப்பதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் கடையில் காட்டுவதெல்லாம் முன் சக்கரம் எங்கோ தள்ளி நிற்கிற வண்டிகள். ஒன்றில் 140 மி.மீ. அமுங்குகிற ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்). "இப்ப எல்லாமே இப்படித்தான் சார்" என்கிறார்கள். என் பழைய வண்டிக்கு ஹெட் ஆங்கிள் (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குழாயின் சாய்வு) 71 பாகை, ஃபோர்க் 80 மி.மீ. அந்த மாதிரி மிதிக்கிற வண்டி இப்போது கிடையவே கிடையாதா?

செம்மண்_சக்கரம்:
தம்பி, கிடைக்கும். ஆனால் வண்டி பெயரைப் பார்க்காதீர்கள், ஃபிரேமின் கோணமும் நீளமும் போட்டிருக்கிற ஜியாமெட்ரி அட்டவணையைப் பாருங்கள். மவுண்டன் பைக் என்ற ஒரே பெயரில் இப்போது இரண்டு வேறு சாமான் விற்கிறார்கள். டிரெக் ராஸ்கோ 65 பாகை, 140 மி.மீ. ஃபோர்க், அது இறக்கத்துக்குச் செய்த வண்டி. ஸ்பெஷலைஸ்டு சிசல் ஹார்ட்டெயில் 68.5 பாகை, 100 மி.மீ. உங்கள் ஓட்டத்துக்கு இந்த இரண்டாவது வகை. 67-லிருந்து 69 வரை எது இருந்தாலும் சரி, ஃபோர்க் 100, அதிகம் போனால் 120.

ஹெட் ஆங்கிளைவிட நம் ஊருக்கு முக்கியமானது சீட் டியூப் ஆங்கிள் (சீட்டைத் தாங்கும் குழாயின் சாய்வு), அதை யாரும் சொல்வதில்லை. புது டிரெய்ல் வண்டிகளில் 75, 76 பாகை என்று நிமிர்த்திவிட்டார்கள். செங்குத்தான ஏற்றத்தில் அது பிரமாதம், ஏனென்றால் வண்டி பின்னால் சாயும்போதும் உடம்பு பெடலுக்கு மேலேயே நிற்கும். காரைக்குடியைச் சுற்றி ஏற்றம் எங்கே இருக்கிறது? சமதரையில் அதே வண்டியில் உட்கார்ந்தால் உடம்புப் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கும், முப்பது கிலோமீட்டரில் கை மரத்துவிடும். நானே அப்படி ஒன்றை வாங்கி ஒரு வருஷம் அவஸ்தைப்பட்டு விற்றேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 73, 74-க்குள் பாருங்கள்.

இன்னொன்று. ஹார்ட்டெயிலில் நாம் ஏறி உட்கார்ந்ததும் முன்பக்கம் மட்டும்தான் அமுங்கும். ஃபோர்க் 20 மி.மீ. அமுங்கினால் எல்லா ஆங்கிளும் கிட்டத்தட்ட ஒரு பாகை நிமிரும். அப்படியென்றால் தாளில் 74 என்று இருப்பது ஓட்டும்போது 75. ஃபோர்க் நீளமாக ஆக இது கூடும்.

தேவகோட்டை_ஓட்டம்:
அண்ணன் சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். 71 பாகைக்கு ஏங்க வேண்டாம் தம்பி. அந்தக் கால வண்டியில் 100 மி.மீ. ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) போட்டுக் குனிந்து ஓட்டினோம், மணலில் முன் சக்கரம் சடக்கென்று மடங்கும். நான் இப்போது ஓட்டும் டிரெக் மார்லின் மூன்றாம் தலைமுறை, 66.5 பாகை. மணலில் நேராகப் போகிறது, கலுங்குப் பக்கம் இறங்கும்போது பயமே இல்லை. அதிலும் 29 சக்கரம் சரளை மேல் உருண்டு போகிற சுகம் 26-ல் கிடையாது. குறுகலான ஒற்றையடிப் பாதையில் திருப்ப மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சாய்க்க வேண்டும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

சீட் ஆங்கிள் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. அதோடு சைஸ் பார்க்கும்போது ரீச் அளவை (எழுந்து நின்று ஓட்டும்போது தெரிகிற நீளம்) மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் உட்கார்ந்து மிதிப்பவர், உங்களுக்கு எஃபெக்டிவ் டாப் டியூப் அளவுதான் (சீட் பக்கத்திலிருந்து ஹேண்டில்பார்க் குழாய் வரை கிடைமட்ட நீளம்) பேசும். பழைய வண்டியில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே டேப் பிடித்துக் குறித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வெள்ளிக்கிழமை_ரைடு:
ஃபிரேமைப் பற்றியே பேசுகிறீர்களே, முள்ளை யார் சொல்வது? நான் பள்ளத்தூர்ப் பக்கம், வாரம் மூன்று நாள் ஓட்டுகிறேன். சீமைக் கருவேலத்தை வெட்டிப் பாதையோரம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், காய்ந்த முள் டயரில் ஆணி மாதிரி இறங்கும். மழைக்கு அப்புறம் நெருஞ்சி வேறு. டியூப் போட்டிருந்த காலத்தில் ஒரே ரைடில் மூன்று பஞ்சர், கடைசி ஏழு கிலோமீட்டர் வெயிலில் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்) ஆக்கிய பிறகு ஒரு முறைகூட நின்றதில்லை. எனவே ரிம் டியூப்லெஸ்ஸுக்குத் தயாரானதா என்று கேட்டு வாங்குங்கள். டயர் 2.25 போதும், பக்கச் சுவர் தடித்ததாக எடுங்கள். ஒரு சக்கரத்துக்கு 100 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்). நம் வெயிலில் இரண்டு மாதத்திலேயே காய ஆரம்பிக்கும், தேதி எழுதி வைத்து ஊற்றுங்கள்.

காற்றும் பழைய கணக்கில் அடிக்காதீர்கள். என் எடை 58 கிலோ, முன்னால் 19, பின்னால் 21 பி.எஸ்.ஐ. மணலில் மிதந்து போகலாம். ஐப்பசி மழைக்குப் பிறகு கண்மாய் உள்வாயில் களிமண் அப்பும், அதற்காக ஃபிரேமில் 2.4 டயர் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கானாடுகாத்தான்_மிதி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. நேற்று மதுரைக்குப் போய் இரண்டு வண்டி ஓட்டிப் பார்த்தேன். முதலாவது 12 ஸ்பீடு, ஆனால் காயில் ஃபோர்க் (உள்ளே இரும்பு ஸ்பிரிங்). இரண்டாவது 68 பாகை, சீட் ஆங்கிள் 73.5, 100 மி.மீ. ஏர் ஃபோர்க், கியர் மட்டும் 10 ஸ்பீடு ஷிமானோ டியோர், 11-46 கேசெட் (பின் பல்சக்கரத் தொகுதி), முன்னால் 32 பல். கடைக்காரர் 12 ஸ்பீடுதான் எதிர்காலம் என்கிறார். என் எடை 61 கிலோ. எதை விடுவது?

செம்மண்_சக்கரம்:
காயிலை விடுங்கள் தம்பி. 61 கிலோவுக்கு அந்த ஸ்பிரிங் பெரும்பாலும் அசையவே அசையாது, கனத்தைச் சுமப்பதுதான் மிச்சம். ஏர் ஃபோர்க்கில் உங்கள் எடைக்கு ஏற்றபடி காற்று வைத்துக்கொள்ளலாம், ஏறி உட்கார்ந்தால் 15-லிருந்து 20 மி.மீ. அமுங்கட்டும். ஷாக் பம்பு ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள், டயர் பம்பு அதற்கு ஆகாது.

10 ஸ்பீடில் நமக்கு ஒரு குறையும் இல்லை. 32-க்கு 11 பல்லில், நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 36 கி.மீ. போகும், கப்பி ரோட்டுக்கு அது தாராளம். அந்த கேசெட் பழைய ஹெச்.ஜி. வகைப் பின் சக்கர ஹப்பிலேயே ஏறும். ஷிமானோவின் 12 ஸ்பீடு 10-51 கேசெட் என்றால் மைக்ரோ ஸ்பிளைன் என்ற வேறு வகை ஹப் வேண்டும், ஏதாவது போனால் நம் ஊர்க் கடையில் கிடைக்காது, கூரியருக்குக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவதையே எடுங்கள். மிச்சப் பணத்தில் அக்கா சொன்ன மாதிரி கடையிலேயே டியூப்லெஸ் போட்டு வாங்கி வாருங்கள். ஸ்டெம் நீளம் மட்டும் ஒரு பத்து நாள் ஓட்டிவிட்டு மாற்றலாம், என்னிடம் 60-ம் 80-ம் சும்மா கிடக்கின்றன, கோட்டையூர் வந்தால் இரண்டையும் போட்டுப் பார்த்துவிடலாம்.