சுவரொட்டி எழுத்துருவுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புடையீர், வணக்கம்.
அச்சுக்கலை மாணவர்க்கான பாடநூலில் மரவெழுத்து (மரத்தில் செதுக்கிய அச்செழுத்து) பற்றிய இயலை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். சுவரொட்டிக்கும் பெயர்ப்பலகைக்கும் என்றே பருமனாக வரையப்பட்ட பழம்பாணி எழுத்துருக்களை, 'டிஸ்பிளே' என்பதற்கு ஈடாகக் 'காட்சி எழுத்துரு' என்று எழுதியிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத எழுத்துருவும் உண்டோ என்று மேலாய்வாளர் கேட்டிருக்கிறார். வேறு சொல் தந்து உதவுங்கள்.

—

ஐயா, அவர் கேட்டது முறையே. காண் என்னும் தன்வினையில் பிறந்த 'காட்சி' இங்கே பொருந்தாது; காட்டு என்னும் பிறவினையே வேண்டும். ஆனால் 'காட்டெழுத்து' என்றால் அது காடு + எழுத்து என்றும் பிரியும் (மரத்தில் செதுக்கியதற்கு அதுவும் தகும் என்பார் இருக்கலாம்). ஆகவே, தொலைவைக் குறிக்கும் சேண் என்பதைக் கொண்டு 'சேணெழுத்துரு' என முன்மொழிகிறேன். வழிச்செல்வோர் காண நின்ற சங்க கால 'எழுத்துடை நடுகல்' இம்மரபின் தொடக்கமே.

—

நடுகல் எழுத்தை அருகே சென்றுதான் படிக்க வேண்டும், ஐயா. சேணெழுத்து என்றால் மாணவர் குதிரைச் சேணத்தை நினைப்பர். நாளிதழில் பெரிதாக வந்த செய்தியைக் 'கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்' என்று தேநீர்க் கடையில் சொல்கிறார்களே, அந்தச் சொல் இருக்கப் புதிது எதற்கு?

—

கொட்டை என்பது அளவை மட்டுமே சொல்கிறது. இங்கே பேசப்படுவது வடிவம். நம் பழைய 'பெரிய எழுத்து'க் கதைப் புத்தகங்களில் இருந்தது பெரிதாக அச்சிட்ட பாட எழுத்துதான், அதாவது பத்திகளை அச்சிடும் வழக்கமான எழுத்து. சுவரொட்டி எழுத்தின் வரலாறு வேறு. பேரளவு எழுத்தை ஈயக் கலவையில் வார்த்தால் எடையும் செலவும் மிகும். ஆறும்போது மை படும் முகமும் சமமாக அமையாது. அதனால்தான் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827இல் மரத்தைக் கடையும் சுழல்வெட்டியைக் கையாண்டு, மறு ஆண்டே மாதிரிப் பட்டியலை வெளியிட்டார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதனோடு, ஒரு வடிவைத் தொடர்ந்து சென்று வேறு அளவில் படியெடுக்கும் பான்டோகிராப் கருவியை இணைத்தபின், ஒரே மூலவடிவிலிருந்து பல அளவுகளில் எழுத்தை வெட்டுவது எளிதாயிற்று. இடத்தை மிச்சப்படுத்த ஒடுக்கி நெட்டையாக்கிய எழுத்துகளும் மரவெழுத்தில் ஏராளம். அவற்றையும் கொட்டை என்பீர்களா? 1922இல் வந்த கூப்பர் பிளாக் என்னும் எழுத்துருவின் உருண்ட முனைகளுக்கு வேண்டுமானால் அப்பெயர் ஒட்டும். இத்தகைய சுவரொட்டி எழுத்துகளைப் பத்திப் பாடத்தின் அளவில் அச்சிட்டால் எழுத்தின் உள்வெளிகள் மையால் அடைபட்டுவிடும். பயன்பாட்டைச் சொல்லும் 'தலைப்பெழுத்துரு' போதும்.

—

பெயர்ப்பலகையில் தலைப்பு எங்கே இருக்கிறது?

—

நண்பர்களுக்கு நன்றி. இதுவரை வந்த சொற்களில் கொட்டையெழுத்தே மக்கள் வழக்கில் இருப்பதால், 'கொட்டை எழுத்துரு' என்று இட்டு, அது ஒடுங்கிய வடிவங்களையும் உள்ளடக்கும் என முதல் பக்கத்திலேயே விளக்கிவிடுகிறேன். மேலாய்வாளர் என்ன சொல்வாரோ தெரியவில்லை.

—

அச்சேறட்டும். ஆயினும் பருமனைப் பயனாக மயங்கிய சொல் இது என்னும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். சொல்லடைவிலாவது சேணெழுத்துருவுக்கு ஒரு வரி ஒதுக்குக.