வாங்கிவிட்டு அலமாரியில் ஏற்றிய சமையலறைக் கருவிகள்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

போன மாதம் அப்பா அம்மாவைச் சின்ன வீட்டுக்கு மாற்றினோம். சமையலறையைக் காலி செய்வது என் பொறுப்பு. ஏணி போட்டு மேல் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். பெட்டியே பிரிக்காத சாண்ட்விச் டோஸ்டர், முட்டை வேக வைக்கும் கருவி, கேரட்டைச் சுருள் சுருளாகச் சீவுகிற ஒன்று, பல் வரிசையில் காய்ந்த பூண்டுத் தோல் அப்படியே ஒட்டியிருந்த பூண்டு நசுக்கி, எல்லாவற்றுக்கும் பின்னால் துணி போர்த்திய பிரெட் மேக்கர்.

அந்த பிரெட் மேக்கரைப் பார்த்ததும் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. மாவு பிசைந்த நாள் இரவெல்லாம் கை கடுக்கும். அதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் அப்பா தேடித் தேடி அதை வாங்கினார். மொத்தம் ஐந்தாறு முறை ஓடியிருக்கும். அதற்கப்புறம் அம்மா ஏன் தொடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. "பிடிக்கலையோ என்னவோ" என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். "பிடிக்காமல் என்ன? அதை மேலே இருந்து இறக்கி, திரும்ப ஏற்ற என் கையால் ஆகலைம்மா" என்றார். தூக்கிப் பார்த்தேன், ஆறு கிலோவாவது இருக்கும். மணிக்கட்டு வலிக்காக வாங்கியதை மணிக்கட்டுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்திருக்கிறோம். மேடையில் இடமில்லை என்று மேலே ஏற்றியதே நான்தான் என்று நினைக்கிறேன்.

புது வீட்டில் மேடையிலேயே வைக்கலாம் என்று எடுத்து வந்தேன். திறந்தால் உள்ளே மாவு பிசையும் பிளேடைக் காணோம். அது எங்கே போயிருக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அதோடு, உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று முடங்கிக் கிடந்தால், ஏன் முடங்கியது என்று எழுதுங்கள். எந்தக் கருவி மோசம் என்பதைவிட, அது ஏன் கைக்கு வராமல் போனது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை.

* * *

எங்கள் வீட்டில் ஜூசர். மெதுவாகத் திருகிப் பிழிகிற வகை. சாதாரண ஜூசரில் தட்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும். இதில் திருகு நூறு சுற்றுகூடச் சுற்றாது. சத்தம் குறைவு, சாறும் நன்றாகவே வரும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கழுவுவதுதான் பிரச்சினை. மேல் குழாய், திருகு, சல்லடை, அதைச் சுற்றி ரப்பர் வளையம், கிண்ணம், சக்கை விழும் தட்டு, மூடி. எண்ணிப் பார்த்தால் ஏழு. சல்லடையின் துளைகளில் ஆரஞ்சு நார் இறங்கிவிட்டால் தண்ணீரில் போகாது. கூடவே கொடுத்த பிரஷ்ஷால் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். குடிப்பதற்கு இரண்டு நிமிடம், கழுவுவதற்குக் கால் மணி நேரம். ஒருநாள் அவசரத்தில் அப்படியே சிங்க்கில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் வந்து பார்த்தால் சக்கை சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. அன்றைக்கு மேலே ஏறியதுதான், இரண்டு வருடமாக இறங்கவில்லை.

ஒரு கருவியை வாங்கும்போது கடையில் அது என்ன செய்யும் என்று ஓட்டிக் காட்டுவார்கள். ஓட்டி முடித்தபின் யார் கழுவுகிறார்கள் என்று நாம் நின்று பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எத்தனை பாகம் கழற்ற வேண்டும், கை நுழையுமா, மூலையில் மாவு தங்குமா, இவ்வளவுதான்.

* * *

ஐஸ்கிரீம் மேக்கர் வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்களுடையது கம்ப்ரசர் இல்லாத வகை. கிண்ணத்தின் சுவர் இரட்டைச் சுவர், நடுவில் உறைகிற திரவம் அடைத்திருக்கும். அந்தக் கிண்ணத்தை முதல் நாளே ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும், பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்கவே கூடாது. கேட்டால் ஐஸ்கிரீம் கூழாகத்தான் வரும்.

ஆனால் குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் ஆசை வருவது அந்த நிமிடத்தில்தான். நாளைக்கு ஆசை வரும் என்று இன்றைக்கே யாருக்குத் தெரியும்? கிண்ணத்தை எப்போதும் ஃப்ரீசரிலேயே வைத்திருக்கலாம் என்றால் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. நான்கு முறை செய்தோம். நான்கும் அருமையாக வந்தது. அப்புறம் ஃப்ரீசரில் காய்கறிக்கு இடம் வேண்டியிருந்தது.

* * *

ஏர் ஃப்ரையர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை வாங்கிவிட்டு ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாங்கள் ஆறு பேர். எண்ணெய் குறைய வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் வாங்கினோம். முதல் நாள் உருளைக்கிழங்கைக் கூடை நிறைய அள்ளிப் போட்டேன். வெளியே எடுத்தால் பொரிந்தும் இல்லை, வெந்தும் இல்லை. மேலே இருந்தது கருகல், அடியில் இருந்தது ஆவியில் வேகவைத்த மாதிரி. அதற்கப்புறம் கூடையில் பாதிக்கும் குறைவாகப் போட்டுப் பார்த்தேன். நன்றாக வந்தது. ஆனால் ஆறு பேருக்கு நான்கு ஈடு போட வேண்டும். முதலில் எடுத்தவர் சாப்பிட்டு எழுந்துவிடுவார், கடைசி ஆள் தட்டோடு காத்திருப்பார். அந்த ஆள் எப்போதும் நான்தான். ஒன்றரை மாதத்தில் நிறுத்திவிட்டேன்.

பிறகுதான் அது எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். ஏர் ஃப்ரையர் என்ற பெயரில் 2010-இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் அறிமுகப்படுத்தியது பொரிக்கும் சட்டியே இல்லை. மேலே சூடேறும் கம்பி, அதற்கு மேல் விசிறி, சின்ன அறை. அதாவது காற்றை வேகமாகச் சுழற்றுகிற ஒரு குட்டி ஓவன். உணவின் மேல்பரப்பில் ஈரம் இருக்கிறவரை அங்கே சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. ஈரம் காய்ந்து, 140 டிகிரிக்கு மேலே போனால்தான் பொன்னிறமும் மொறுமொறுப்பும் நன்றாக வரும். கூடையை அடைத்துவிட்டால் காற்று நடுவில் புக வழியில்லை. துண்டுகள் விடுகிற ஆவி அங்கேயே தங்கி, ஒன்றையொன்று வேகவைத்துவிடுகிறது. என் உருளைக்கிழங்குக்கு நடந்தது அதுதான். கருவியும் கெட்டதில்லை, நானும் தவறாகச் செய்யவில்லை. எங்கள் வீட்டு அளவுக்கு அது சேராது, அவ்வளவுதான்.

மகள் வேலை கிடைத்துத் தனியாக இருக்கப் போனபோது அதை எடுத்துக்கொண்டு போனாள். அவளிடம் அடுப்பைவிட அதுதான் அதிகம் ஓடுகிறது. ஒருத்திக்கு ஒரு ஈடு போதும், கூடையும் ஒன்றே ஒன்றுதான் கழுவ வேண்டியிருக்கிறது. "அம்மா, இதைப் போய் ஏன் மூடி வைத்திருந்தீங்க?" என்று கேட்கிறாள். நீங்கள் உபயோகிக்காத பொருளைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால், அது யார் வீட்டுக்குப் பொருந்தும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

* * *

எனக்கு வேறு மாதிரி. ஃபுட் புராசசரை நான் நிஜமாகவே தினமும் உபயோகித்தேன். மூடியைத் திருப்பிப் பூட்டினால்தான் மோட்டார் ஓடும், பாதுகாப்புக்காக. அந்தப் பூட்டின் பிளாஸ்டிக் நாக்கு, என் சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும், அது ஒடிந்துவிட்டது. மோட்டார் புதுசு மாதிரி இருக்கிறது, பிளேடு கூர்மையாக இருக்கிறது, அந்த மூடி மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த மாடலை நிறுத்திவிட்டோம் என்றார்கள். எட்டு மாதம் அலைந்தேன். நல்ல இயந்திரம் ஒரு நகமளவு பிளாஸ்டிக்கால் செத்துக் கிடக்கிறதே என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை. இப்போது எதை வாங்கினாலும் மூடியும் ஜாரும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

காய் நறுக்க கத்திதான். முன்பு பலகை மாதிரி ஒரு சீவி வைத்திருந்தேன். கூடவே வருகிற பிடியைப் போடாமல் கேரட்டின் கடைசித் துண்டைச் சீவப் போய், விரல் நுனியில் நான்கு தையல். அதை யாருக்கும் கொடுக்கக்கூட மனம் வராமல் குப்பையில் போட்டேன். வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பிடியைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஜூசர் பற்றி எழுதிய அண்ணாவுக்கு: அமெரிக்காவில் ஜூசெரோ என்று ஒரு இயந்திரம் வந்ததே, நினைவிருக்கிறதா? அவர்களே விற்கிற பாக்கெட்டைப் போட்டால் பிழிந்து தரும். 2017-இல் செய்தியாளர்கள் அந்தப் பாக்கெட்டைக் கையாலேயே பிழிந்து பார்த்தார்கள், ஏறக்குறைய அதே அளவு சாறு வந்தது. அந்த வருடமே நிறுவனத்தை மூடிவிட்டார்கள். கை செய்கிற வேலையை விட இயந்திரம் எவ்வளவு கூடுதலாகச் செய்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று அதைப் படித்தபோது தோன்றியது.

* * *

இருபது வருடத்துக்கு மேலாகச் சமையலறை சாமான்கள் ரிப்பேர் பார்க்கிறேன். முதல் பதிவு எழுதிய சகோதரிக்காக இதை எழுதுகிறேன்.

அம்மா, அந்த பிளேடு மூன்று இடத்தில் ஒன்றில்தான் இருக்கும். ஒன்று, கடைசியாகச் செய்த பிரெட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கும். பிரெட் அடியில் ஒரு குழி விழுவது அதனால்தான். வெட்டும்போது எடுத்து எங்காவது வைத்திருப்பார்கள். இரண்டு, மீந்த பிரெட் துண்டைக் கொட்டியபோது அதோடு குப்பைக்குப் போயிருக்கும். மூன்று, ஸ்பூன் போடுகிற டிராயர். என் அனுபவத்தில் பாதிப்பேருக்கு அங்கேதான் கிடைக்கும், அது என்ன சாமான் என்று தெரியாமல் வருடக்கணக்காக அங்கே கிடக்கும். கட்டை விரல் நீளம், ஒரு பக்கம் துளை, மறுபக்கம் மீன் துடுப்பு மாதிரி வளைந்திருக்கும். போட்டதும் தண்டில் லேசாக ஆட வேண்டும். எடுக்க வராவிட்டால் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுங்கள், கத்தி போட்டு நெம்பாதீர்கள், பூச்சு உரிந்துவிடும்.

அப்புறம், ரொம்ப நாள் ஓடாத இயந்திரத்தை எடுத்ததும் பிளக்கில் சொருகாதீர்கள். ஒயரை முழுக்கப் பிரித்து எலி கடித்திருக்கிறதா பாருங்கள். தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், சுலபமாகச் சுற்ற வேண்டும். ரப்பர் வளையம் இருக்கிற சாமான் என்றால் அதை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றியே ஆகவேண்டும். உபயோகிப்பதால் கெடுவதைவிடச் சும்மா கிடந்து கெட்டுப்போய் என்னிடம் வருகிற ரப்பர்தான் அதிகம். மாவு எதுவும் போடாமல் ஐந்து நிமிடம் பிசைய விட்டுச் சத்தத்தைக் கேளுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த இயந்திரத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1985-இல் ஜப்பானில் மட்சுஷிடா (இப்போதைய பானசோனிக்) நிறுவனத்தில் வீட்டு பிரெட் மேக்கர் செய்யத் தவித்துக்கொண்டிருந்தார்கள். மேலே கருகும், உள்ளே வேகாது. கை பிசைந்த மாவையும் இயந்திரம் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்தே ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பிடிபடவில்லை. இகுகோ தனகா என்ற பெண், மென்பொருள் எழுதுகிறவர், ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை பேக்கரிடம் போய்க் கூடவே நின்று மாவு பிசையக் கற்றுக்கொண்டார். அந்த பேக்கர் மாவை இழுக்கும்போது ஒரு முறுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார் என்று கவனித்தார். அந்த முறுக்கு வருவதற்காகத்தான் பாத்திரத்தின் உள்சுவரில் மேடு மேடாக வரி வைத்தார்கள். உங்கள் பாத்திரத்துக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள், அப்படி ஒரு மேடு தட்டுப்படலாம். ஒரு கை செய்த வேலை அது. அப்படிப்பட்டதை உங்கள் அப்பா அம்மாவின் கைக்காக வாங்கியிருக்கிறார்.

* * *

முதல் பதிவு எழுதியவள்தான். எல்லோருக்கும் நன்றி. ரிப்பேர் பார்க்கிற அண்ணாவுக்குத் தனியாக நன்றி, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

பிளேடு கிடைத்துவிட்டது. பழைய வீட்டு டிராயரிலிருந்து அள்ளி வந்த ஸ்பூன்களுக்கு நடுவில் இருந்தது. அம்மா அதை ஜாடி மூடி நெம்ப வைத்திருந்தாராம்.

புது வீட்டு மேடையில், பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் டோஸ்டர் இருந்த இடத்தைக் காலி செய்து அங்கே வைத்தோம். டோஸ்டரைப் பக்கத்து வீட்டில் படிக்கிற பையன்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஒயர், தண்டு எல்லாம் நீங்கள் சொன்னபடி பார்த்தேன். பாத்திரத்துக்குள் கைவிட்டேன், மேடு இருக்கிறது. அம்மாவின் கையைப் பிடித்து அவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

தண்ணீர், மாவு, உப்பு, கடைசியில் ஈஸ்ட். ஈஸ்ட் தண்ணீரில் படக்கூடாது என்று அம்மா மாவின் நடுவில் விரலால் குழி செய்து போட்டார், இத்தனை வருடம் கழித்தும் மறக்கவில்லை. பொத்தானை அப்பா அமுக்கினார். பிசைகிற நேரம் முழுக்க இரண்டு பேரும் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றரை மணி நேரம் கழித்து வந்த பிரெட் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பழைய ஈஸ்டாக இருக்குமோ, தண்ணீர் அதிகமோ தெரியவில்லை. அடியில் குழி இருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா, "பிளேடை எடுத்துடு, மறுபடி தொலைஞ்சிடும்" என்றார்.

நாளைக்குக் காலையில் புது ஈஸ்ட் வாங்கப் போகிறேன்.