பழைய காரின் மின் கடிகாரம்: தொடுமுனை கருகுவதைத் தடுக்க வழி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். 1930களைச் சேர்ந்த அமெரிக்க கார் ஒன்றின் 6 வோல்ட் கடிகாரத்தைச் சீர்செய்து வருகிறேன். இவ்வகையில் மின்சாரம் முட்களை நேரடியாக ஓட்டுவதில்லை. சிறு சுருள்வில் தளர்ந்ததும் இரு தொடுமுனைகள் சேர, மின்காந்தம் 'டக்' என்ற ஒலியுடன் வில்லை மீண்டும் முறுக்கிவிட்டு இணைப்பைத் துண்டிக்கிறது. மேசைச் சோதனையில் 2 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒழுங்காக முறுக்கிய கடிகாரம், மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைத்ததும் வலுவிழந்து, முனைகள் மூடியபடியே நின்று, மின்காந்தத்தின் கம்பிச்சுருள் கைசுடும் அளவுக்குச் சூடேறிவிட்டது (நல்லவேளை, அருகிலேயே இருந்தேன்). முனைகளில் கருமையும் ஊசிமுனையளவு குழியும் தெரிகின்றன. துண்டிப்பின்போது எழும் தீப்பொறியே காரணம் என்பது என் கணிப்பு. தீப்பொறியை அடக்கக் கம்பிச்சுருளுக்கு இணையாக டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) பொருத்தியவர்கள், ரெசிஸ்டரைவிட (மின்தடையைவிட) அது மேலானதா என்பதையும், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போட்டீர்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.