பிஜி டிஆர்பி (முதுகலை ஆசிரியர் தேர்வு) ஆங்கிலம்: அமெரிக்க இலக்கியத்துக்கு மெட்டீரியல் (தேர்வுக் குறிப்புகள்) போதுமா, மூலநூலும் வேண்டுமா?

கரும்பலகை:
அமெரிக்க இலக்கியத்துக்கு மூலநூலைத் தேடி நேரத்தை விடாதீர்கள். தமிழ்த் தகுதித் தேர்வு நீங்கலாக 150 கேள்வி. கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10 போக, பாடத்துக்கு 110. பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரிலிருந்து இலக்கியத் திறனாய்வு வரை எல்லாமே அதற்குள்தான். 'தி ஸ்கார்லெட் லெட்டர்' 1850, 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' 1855, 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' 1949. இப்படி நூலையும் வெளிவந்த ஆண்டையும் ஒன் லைனாக எழுதி நாலு முறை ரிவிஷன் செய்தால் போதும்.

இரவு வாசகி:
சார், மன்னிக்கவும், ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஃப்ராஸ்டின் 'மெண்டிங் வால்' கவிதையை எடுங்கள். நல்ல வேலி இருந்தால் நல்ல அண்டை வீட்டார் என்ற வரியைக் கவிஞரின் கருத்து என்றே பல மெட்டீரியல்களில் பார்க்கிறேன். கவிதையில் அதைச் சொல்வது பக்கத்து நிலத்துக்காரர். கவிதை சொல்பவரோ சுவரே எதற்கு என்று கேட்கிறார். யார் கூற்று என்று கேள்வி வந்தால் என்ன செய்வது? மொத்தமே 45 வரி சார்.

கரும்பலகை:
45 வரி சரி. நாவலுக்கு என்ன வழி? வேலைக்குப் போய்விட்டு வந்து, பிள்ளையைத் தூங்க வைத்து, இரவு பத்து மணிக்கு உட்காருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலுக்கு ஹாதார்ன் எழுதிய முன்னுரை 'தி கஸ்டம் ஹவுஸ்' ஒன்றே ஒரு வாரத்தைத் தின்றுவிடும்.

இரவு வாசகி:
முன்னுரையை அப்புறம் பார்க்கலாம். தண்டனை மேடை வரும் காட்சிகள் மூன்று: அத்தியாயம் 2, 3 சேர்ந்து ஒன்று, பிறகு 12, பிறகு 23. முதலில் பாதிரியார் டிம்ஸ்டேல் மேலே மாடத்தில் நின்று, குழந்தையின் தகப்பன் பெயரைச் சொல்லும்படி, மேடையில் நிற்கும் நாயகி ஹெஸ்டரைக் கேட்கிறார். அடுத்தது நள்ளிரவு, ஹெஸ்டரோடும் அவள் மகள் பெர்லோடும் அவரே மேடையில் நிற்கிறார். கடைசியில் பட்டப்பகலில், தானே அந்தத் தகப்பன் என்று ஊரறிய ஒப்புக்கொள்கிறார். இதைப் படித்த பிறகு பாத்திரப் பெயர்களை யாராவது மனப்பாடம் செய்ய வேண்டியிருக்குமா?

மூன்றாம் முயற்சி:
நடுவில் வருகிறேன். போன முறை ஆண்டுகளை மட்டும் நம்பிப் போனேன், பொருத்துகவில் தடுமாறினேன். இந்த முறை யூஜின் ஓ'நீலின் 'தி எம்பரர் ஜோன்ஸ்' நாடகத்தை ஒரே மூச்சில் படித்தேன். நாடித்துடிப்பைப் போல நிமிடத்துக்கு 72 என்று தொடங்கும் முரசு, ஜோன்ஸின் பயத்தோடு வேகம் கூடிக்கொண்டே போகிறது. அது இனி மறக்காது. ஆனால் கரும்பலகை சார் சொல்வதிலும் நியாயம் உண்டு. மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவல் லண்டனில் 1884-லும் அமெரிக்காவில் 1885-லும் வெளிவந்தது. கதையைப் படித்தால் இது தெரியாது, குறிப்பில்தான் கிடைக்கும்.

கரும்பலகை:
சரி, கவிதைக்கும் நாடகத்துக்கும் ஒத்துக்கொள்கிறேன். நாவலுக்கு இல்லை. எனக்குக் கட் ஆஃப் முக்கியம்.

இரவு வாசகி:
எனக்கும்தான் சார். ஆனால் தேர்ச்சி பெற்றதும் நாம் நிற்கப் போவது பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்பில். விட்மனின் 'வென் லைலாக்ஸ்' கவிதை லிங்கனுக்கான இரங்கல் பா என்று சொல்லித் தருவோம். லிங்கன் பெயரே கவிதையில் இல்லையே என்று ஒரு பிள்ளை கேட்டால், லைலாக் பூவையும் மேற்கில் தாழும் நட்சத்திரத்தையும் காட்டிப் பேச நமக்குத் தெரிய வேண்டாமா? இன்று இரவு 12-ஆம் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று நாளைக்கு இங்கேயே எழுதுங்கள்.