மகப்பேறு விடுப்பில் போன வருடத்துக்கு ‘நாட் சாட்டிஸ்ஃபேக்டரி’: சி.ஏ.எஸ். (பணிக்காலம் சார்ந்த பதவி உயர்வு) தேதியைத் தள்ளிப்போடச் சம்மதித்துக் கையெழுத்துப் போடலாமா?

பிப்பெட் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தென்மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். 2019 ஜூலை 3 அன்று சேர்ந்தேன். சேரும்போதே பிஎச்.டி. இருந்ததால் நான்கு வருடத்தில், அதாவது 2023 ஜூலை 3 முதல், சம்பள லெவல் 10இலிருந்து 11க்குப் போயிருக்க வேண்டும். அதற்கு வேண்டிய பயிற்சிகளில் 21 நாள் ஓரியண்டேஷனை 2021 பிப்ரவரியில் ஆன்லைனில் முடித்தேன். கேமராவை அணைக்கவே கூடாது என்றார்கள். மூன்றாவது வாரத்தில் என் முகத்தை நானே பார்க்கப் பிடிக்கவில்லை. இரண்டு வார ரெஃப்ரெஷர் 2023 ஜனவரியில். விண்ணப்பம் 2023 ஏப்ரல் 10 அன்றே ஆபீஸில் கொடுத்தாயிற்று.

2021 செப்டம்பர் 20 முதல் ஒரு வருடம் மகப்பேறு விடுப்பில் இருந்தேன். ஒன்பது மாதமாக இருந்த விடுப்பு பன்னிரண்டு மாதமானது அந்த ஜூலை 1 முதல்தான். “உனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது” என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லாதவர் இல்லை. கொடுத்து வைத்தது இப்போது என் ஃபைலில் சிவப்பு மையில் வட்டமிட்டு நிற்கிறது.

விஷயம் இதுதான். 2021-22இல் விடுப்புக்கு முன்பு ஏழு வாரம் பாடம் எடுத்தேன். வாரம் 16 மணி, ஆக எனக்கு ஒதுக்கியது 112 மணி. எடுத்தது 106. ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள்தர உறுதிக் குழு) ஒருங்கிணைப்பாளர் அந்த 106ஐ முழு வருடத்தின் 480 மணியால் வகுத்து 22 சதவீதம் என்று போட்டுவிட்டார். 70க்குக் கீழே போனால் ‘நாட் சாட்டிஸ்ஃபேக்டரி’. ஃபைல் அங்கேயே நிற்கிறது.

இப்போது ஆபீஸில் ஒரு வழி சொல்கிறார்கள். “2024 ஜூலை 3 முதல் கொடுத்தால் போதும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் மேடம், ஒரே வாரத்தில் ஆர்.ஜே.டி. (மண்டல இணை இயக்குநர்) ஆபீஸுக்கு அனுப்பிவிடுகிறோம்.” கடிதத்தையும் அவர்களே டைப் செய்து வைத்திருக்கிறார்கள். என்னோடு ஒரே நாளில் சேர்ந்த இயற்பியல் சாருக்கு லெவல் 11 வந்து, அரியர்ஸும் வாங்கி, வீட்டுக்கு மேல்தளம் போட்டுவிட்டார். எனக்கு அலுத்துவிட்டது. ஒரு வருடம்தானே, போட்டுவிடலாமா?

விடுதிக்காப்பாளர்

மேடம், முதலில் பேனாவைக் கீழே வையுங்கள்.

யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி பிஎச்.டி. உள்ளவருக்கு நான்கு வருடத்தில் மூன்று வருடம் ‘குட்’ அல்லது ‘சாட்டிஸ்ஃபேக்டரி’ இருந்தால் போதும். நான்கும் வேண்டும் என்று எங்கேயும் இல்லை. உங்கள் 2021-22ஐத் தூக்கிக் குப்பையில் போட்டாலும் மீதி மூன்று இருக்கிறதே? அப்புறம் எதற்கு 2024?

“ஒரு வருடம்தானே” என்கிறீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 57,700இல் சேர்ந்திருந்தால் 2023 ஜூலையில் அடிப்படை 64,900 இருக்கும். பதவி உயர்வுக்கு ஓர் இன்கிரிமென்ட் சேர்த்து 66,800, அதற்கு அடுத்த கட்டமாக லெவல் 11இன் முதல் படி 68,900. மாதம் 4,000 வித்தியாசம், டி.ஏ. தனி. 2024இல் வாங்கினால் அப்போதும் அதே 68,900இல்தான் நிற்பீர்கள். இயற்பியல் சார் 71,000க்குப் போயிருப்பார். இந்த இடைவெளி பிறகு மூடாது. லெவல் 12க்கு 11இல் ஐந்து வருடம் வேண்டும், அதுவும் தள்ளும். நான் பொருளாதாரம் நடத்துகிறவன், இதைச் சும்மா விட முடியவில்லை.

மே மாதச் சம்பளம் இல்லாதவன்

நான் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000, வருடத்துக்கு 11 மாதம். ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று யு.ஜி.சி. 2019இலேயே சொன்னது, அந்தக் காகிதத்தை நாங்கள் லேமினேட் செய்து வைத்திருக்கிறோம். ஆகவே லெவல் 10, 11 என்று நீங்கள் பேசுவதைப் படிக்கும்போது கொஞ்சம் வயிறு எரிகிறது, மன்னிக்கவும் மேடம்.

ஆனாலும் ஒன்று. 2025 ஏப்ரல் 28 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தாரே, மகப்பேறு விடுப்புக் காலம் தகுதிகாண் பருவத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்று? அதை மேற்கோள் காட்டினால் போதாதா?

பிப்பெட்

நன்றி சார். விடுதிக்காப்பாளர் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மயக்கம் வராத குறை. 2022-23க்கும் அதே கதை. நான் திரும்பி வந்தது செப்டம்பர் 20. அந்த வருடம் மீதி 23 வாரம், 368 மணி. எடுத்தது 331. அதையும் 480ஆல் வகுத்து 69 போட்டு, அதுவும் ‘நாட் சாட்டிஸ்ஃபேக்டரி’. ஒரே ஒரு சதவீதத்தில்! இதை யாரும் என்னிடம் வாய்திறந்து சொல்லவில்லை. ஆக நான்கில் இரண்டுதான் தேறுகிறது. மூன்று என்ற கதவும் மூடிவிட்டது.

பழைய சூப்பிரண்டெண்ட்

31 வருடம் உதவிபெறும் கல்லூரி ஆபீஸில் குப்பை கொட்டியவன், ஓய்வு பெற்றாயிற்று. இந்த மாதிரி டைப் செய்து வைத்த கடிதங்களை நானும் நீட்டியிருக்கிறேன், அதனால் அதன் உள்குத்து தெரியும். அதில் கெட்ட எண்ணம் பெரும்பாலும் இருக்காது. ஃபைல் மேசையை விட்டுப் போனால் போதும் என்ற எண்ணம்தான்.

முதலில் கடைசிச் செய்தி. தம்பி சொல்லும் 2025 அறிவிப்பு தகுதிகாண் பருவத்துக்கானது. சி.ஏ.எஸ்.ஸுக்கு அதை இழுத்தால், “இது பொருந்தாது” என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். நல்ல வழக்கைத் தவறான காகிதத்தால் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு வேண்டிய காகிதம் உங்கள் ப்ரின்சிபால் அறை அலமாரியிலேயே இருக்கும். 2018 ஜூலை 18 தேதியிட்ட யு.ஜி.சி. விதிமுறை. நம் மாநிலத்தில் அதை ஏற்றுக்கொண்டது 2021 ஜனவரி 11 தேதியிட்ட உயர்கல்வித் துறை அரசாணை எண் 5. விதிமுறையில் பின்னிணைப்பு 2, அட்டவணை 1ஐ எடுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் குட், 70 முதல் 80 வரை சாட்டிஸ்ஃபேக்டரி என்பதெல்லாம் எல்லோரும் படிப்பார்கள். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. மகப்பேறு விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, மருத்துவ விடுப்பு, படிப்பு விடுப்பு போன்றவற்றில் இருந்த காலத்தை மதிப்பீட்டிலிருந்து விலக்க வேண்டும்; வேலை பார்த்த மீதிக் காலத்தை மட்டும் மதிப்பிட்டு, அதையே முழுக் காலத்துக்கும் விரித்துக் கணக்கிட வேண்டும்; விடுப்பில் போனதற்காகப் பதவி உயர்வில் எந்தப் பாதகமும் வரக் கூடாது. அந்தக் குறிப்பின் சாரம் இதுதான்.

இப்போது நீங்களே வகுத்துப் பாருங்கள். 106ஐ 112ஆல் வகுத்தால் 94.6. 331ஐ 368ஆல் வகுத்தால் 89.9. இரண்டுமே ‘குட்’ வரம்பு. ஆனால் பாட வகுப்பு மட்டும் போதாது, அதே அட்டவணையின் இரண்டாவது கட்டத்தில் அந்தந்த வருடம் ஒரு செயல்பாடாவது காட்ட வேண்டும். 2021-22இல் என்ன வைத்திருக்கிறீர்கள்? தரமான ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்திருந்தால்கூடச் சரிதான்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் 2024இலும் உங்களுக்குக் கிடைத்திருக்காது. அவர்கள் கணக்குப்படி கெட்ட வருடம் இரண்டு. 2024 ஜூலையில் பின்னோக்கி நான்கு வருடம் எண்ணினாலும் அந்த இரண்டும் உள்ளே இருக்கும். 2025இலும் இருக்கும். 2021-22 வெளியே விழுந்து மூன்று நல்ல வருடம் சேர 2026 ஜூலை ஆகிவிடும். ஆபீஸில் யாரும் இதை எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்று கெட்டது, ஒன்றைக் கூட்டு என்று 2024 போட்டுவிட்டார்கள். மேலே போய் ஃபைல் திரும்பி வரும்போது கையில் உங்கள் சம்மதக் கடிதமும் இருக்கும். நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

அதனால்தான் தேதி விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். தகுதிக்காலம் முடிந்ததும் விண்ணப்பித்துத் தேறினால் பதவி உயர்வு அந்தத் தகுதித் தேதியிலிருந்தே வரும். பின்னால் ஒரு தேதியில்தான் தகுதி வந்தது என்று நீங்களாகவே விண்ணப்பித்தால் அந்தப் பின்தேதிதான். பதவி உயர்வைப் பரிசீலிக்கும் குழு ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டால் இன்னும் மோசம்: ஒரு வருடம் கழித்துத்தான் மறுமதிப்பீடு, தேறினாலும் நிராகரித்த நாளிலிருந்து ஒரு வருடம் தள்ளித்தான் தேதி. ஆகவே குழுக் கூட்டக் குறிப்பில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ‘கணக்கீடு சரிசெய்யத் திருப்பப்பட்டது’ என்றிருந்தால் நிம்மதி.

ப்ரின்சிபாலுக்கு ஒரு பக்கத்தில் விண்ணப்பம் கொடுங்கள். புகார் தொனி வேண்டாம், ஒருங்கிணைப்பாளர் பெயரே வேண்டாம். “அட்டவணை 1இன் குறிப்பின்படி மறுகணக்கீடு செய்யக் கோருகிறேன்” என்று எழுதி, இரண்டு வகுத்தலையும் போட்டு, அந்தப் பக்கத்தின் நகலில் குறிப்பை மட்டும் பென்சிலால் கோடிட்டு இணையுங்கள். டெஸ்பாட்ச் செக்‌ஷனில் கொடுத்து உங்கள் நகலில் சீலும் எண்ணும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள்.

கடைசியாக, எஸ்.ஆர்., அதாவது பணிப்பதிவேடு. அட்டவணை 1இன் குறிப்பு முன் அனுமதியோடு எடுத்த விடுப்புக்குத்தான் பொருந்தும். உங்கள் பணிப்பதிவேட்டில் விடுப்பு ஆணையின் எண்ணும் தேதியும் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் செக்‌ஷனில் இருந்தபோது ஒரு தாவரவியல் மேடத்தின் விடுப்பை ஏற்ற மறந்துவிட்டேன். ஆணை தனி ஃபைலில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தேன். பல வருடம் கழித்துத் தணிக்கைக்காரர் கேட்டபோது அந்த ஃபைலைக் கரையான் முடித்திருந்தது. அந்த அம்மா ஓய்வுபெறும் மாதம் வரை அதற்காக இரண்டு பேரும் பஸ் ஏறி ஏறி அலைந்தோம். ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

விடுதிக்காப்பாளர்

அந்தக் குறிப்பை இத்தனை வருடத்தில் நான் படித்ததே இல்லை சார். மூன்று போதும் என்ற தைரியத்தில் மேடத்தைக் கிளப்பிவிட்டேன். நல்ல வேளை வந்தீர்கள்.

பிப்பெட்

சார், கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிளார்க் அண்ணன் முகம் வாடியது, ஆனால் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். டெஸ்பாட்ச்காரர் டீக்குப் போயிருந்தார். நாற்பது நிமிடம் நின்று சீல் வாங்கினேன். ஒருங்கிணைப்பாளரிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, “இது எனக்குத் தெரியாதேம்மா” என்றார், உண்மையாகவே. கூட்டக் குறிப்பில் ‘நிராகரிப்பு’ இல்லை, ‘நிலுவை’ என்று இருக்கிறது. 2021-22க்கு ஒரு கட்டுரை வைத்திருக்கிறேன், ஆய்விதழ் சரியானதுதான். பாப்பா தூங்கிய இரவுகளில் திருத்தியது.

எஸ்.ஆரையும் பார்த்தேன். ஆணை எண் ஏறியிருக்கிறது. ஆனால் விடுப்புத் தொடங்கிய தேதி 20.9.2021க்குப் பதில் 20.9.2020 என்று இருக்கிறது.

பழைய சூப்பிரண்டெண்ட்

நாளைக் காலையிலேயே ஆணையின் நகலோடு போங்கள். தப்பான தேதியை ஒரே கோட்டில் அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் ப்ரின்சிபால் இனிஷியலும் தேதியும் போட வேண்டும். யாராவது ஒயிட்னரைக் கையில் எடுத்தால் பிடுங்கிவிடுங்கள்.